பனியை எடை போடுவது எப்படி: மலையேறப் போகும் மருமகனுக்கு எழுதியது

எங்கள் ஊரில் பனி என்றால் காய்ச்சல். "பிள்ளைக்கு ரெண்டு நாளா பனி" என்று யாராவது சொன்னால், மருந்துக்கடைக்குப் போக வேண்டும் என்று பொருள். இமயமலையில் பனி அளக்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று நான் முதலில் வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது: "ஆஸ்பத்திரியிலயா மக்கா?"

மண்டைக்காட்டுக் கடற்கரையில் வளர்ந்த நான், இமாசலத்தின் லாகூல் பக்கம் தானியங்கிப் பனி நிலையங்களை நட்டும் பழுதுபார்த்தும் 11 குளிர்காலம் கழித்தேன். இப்போது அக்கா மகன் அதே வேலைக்குக் கிளம்பியிருக்கிறான். பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன். சென்சார் தெரியும், பனி தெரியாது. போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்பான், பாதி காதில் ஏறாது. அதனால் எழுதிக் கொடுத்தேன். வேறு பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று அதையே கொஞ்சம் விரித்து இங்கே வைக்கிறேன்.

முதலில், எதற்கு அளக்கிறோம்? நம் மாவட்டத்தில் காலையில் பேப்பரைப் பிரித்தால் பேச்சிப்பாறை 48 அடிக்கு எத்தனை அடி, பெருஞ்சாணி 77 அடிக்கு எத்தனை அடி என்று பார்க்கிறோம். அதைப் பார்த்துத்தான் கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவலாமா என்ற பேச்சே நடக்கும். சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து செனாப் ஆகிற அந்த மலைப்பக்கத்தில், கோடைத் தண்ணீரில் பெரும்பங்கு மார்ச் மாதம்வரை மலைமேல் கட்டியாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மதகும் கிடையாது, அடிக்கணக்கு எழுதிய சுவரும் கிடையாது. உருகினால் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை உருகுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அந்த எண்ணுக்குப் பெயர் பனியின் நீர்ச்சமானம். அந்த இடத்துப் பனி முழுவதையும் அப்படியே உருக்கினால் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்பதே அது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு, பனியின் உயரத்தைப் பார்த்து மயங்குவது. இடுப்பளவு பனி, நெஞ்சளவு பனி என்று போட்டோ அனுப்புவார்கள். தேங்காய் துருவும்போது பார்த்திருப்பாய். துருவி விழுந்த தேங்காய் கிண்ணம் நிறைய இருக்கும், கையால் ஒரு அழுத்து அழுத்தினால் அரைக்கிண்ணம். தேங்காய் குறையவில்லை, காற்றுதான் போனது. புதிதாக விழுந்த பனியில் ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் எடை. நாள்பட்டு அமர்ந்தால் 200, 300. ஏப்ரலில் ஈரம் ஊறி, உருகத் தயாராக இருக்கும்போது 400, 500 வரை போகும். ஆக, ஜனவரியில் விழுந்த ஒரு மீட்டர் புதுப்பனியில் 100 மி.மீ. தண்ணீர்கூட இருக்காது. ஏப்ரலில் அதே ஒரு மீட்டரில் 400 மி.மீ. இருக்கும். உயரம் மட்டும் தெரிந்தால் ஒன்றும் தெரியாது. எடை வேண்டும்.

எடை தெரிந்தால் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. தண்ணீர் என்றால் ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ. ஒரு சதுர மீட்டர் தட்டில் 250 கிலோ பனி இருந்தால் நீர்ச்சமானம் 250 மி.மீ. இதை மனதில் ஒட்டிக்கொள். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

நாகர்கோவிலில் இருந்துகொண்டே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. பழைய ஒற்றைக் கதவு பிரிட்ஜ் இருந்தால், பிரீசரில் படிந்த உறைபனியைச் சுரண்டி ஒரு நேரான டம்ளரில் அழுத்தாமல் நிரப்பு. உயரத்தை ஸ்கேலால் அள. சமையலறைத் தராசில் எடை பார். அப்புறம் உருகவிட்டு, தண்ணீர் எத்தனை செ.மீ. நிற்கிறது என்று பார். பத்து செ.மீ. உறைபனி மூன்று செ.மீ. தண்ணீராகும்போது வருகிற ஏமாற்றம்தான் இந்தத் தொழிலின் முதல் பாடம். என் அக்கா இதைப் பார்த்துவிட்டு, "பிரிட்ஜைச் சுத்தம் பண்ணித் தந்ததுக்கு நன்றி" என்றாள்.

இனி நிலையம். கருவிகளைவிட இடம் முக்கியம். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இடத்தைச் செப்டம்பரில், தரை தெரியும்போது தேர்ந்தெடுக்க வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும். மேலே பனிச்சரிவு வருகிற பாதை கூடாது, பக்கத்தில் ஓடை கூடாது. காற்று பனியை வாரிக்கொண்டு போகிற முகட்டிலும் வைக்கக் கூடாது, வாரிய பனியைக் கொட்டுகிற பள்ளத்திலும் வைக்கக் கூடாது. மரங்களுக்கு நடுவே ஒரு சிறு திறந்தவெளி கிடைத்தால் அதுதான் ராஜ இடம். லாகூலில் மரம் குறைவு, அதனால் பாறைகளின் மறைவைத் தேட வேண்டியிருக்கும். ஆடு மேய்க்க வருகிற கத்தி (Gaddi) என்ற மேய்ப்பர் சமூகத்துப் பெரியவர்களிடம் கேள். எந்தச் சரிவில் பனி கடைசியாகப் போகும், எங்கே முதலில் கரையும் என்று அவர்களுக்கு மனப்பாடம்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை, ஜீப் போகிற சாலைக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் ஒரு மேட்டில் நிலையம் நட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன். "ஏறி இறங்க உனக்குத்தான் சௌகரியம்" என்றார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அது முழங்காலுக்குக் கீழே பனி காட்டியது. முந்நூறு அடி தள்ளி ஒரு தாழ்வில் ஆள் உயரம் கிடந்தது. கருவியில் ஒரு குறையும் இல்லை, நின்ற இடம்தான் பொய்.

இடம் கிடைத்துவிட்டது என்றால், எடை பார்க்கிற கருவிக்கு வருவோம். பழைய வகை ஸ்னோ பில்லோ, அதாவது பனித் தலையணை. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அளவில் தட்டையான பை, உள்ளே உறையாத திரவம். பனி மேலே ஏற ஏற உள்ளே அழுத்தம் கூடும், ஒரு குழாய் வழியாக அந்த அழுத்தத்தை டிரான்ஸ்டியூசர் என்ற அழுத்த சென்சார் படிக்கும். தரையைக் கல் இல்லாமல் சலித்த மணலால் மட்டம் செய், ரசமட்டத்தை நாலு பக்கமும் வைத்துப் பார். திரவத்துக்குத் தண்ணீரும் புரொப்பிலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 30 டிகிரி வரை கவலையில்லை. விலை குறைவு என்று எத்திலீன் கிளைக்கால் வாங்கித் தந்தால் மறுத்துவிடு. அது விஷம், இனிக்கும், கசிந்தால் ஆடு நக்கும். நிரப்பும்போது காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. வீட்டில் மோட்டாருக்குள் காற்றடைத்தால் தண்ணீர் ஏறாமல் அடம்பிடிக்குமே, அதே தொல்லைதான் இங்கும்.

சோதிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. குழாயை நிமிர்த்தி, திரவத்தை 100 செ.மீ. உயரத்துக்கு ஏற்றி, எண்களைப் பதிவு செய்கிற லாகர் பெட்டி என்ன காட்டுகிறது என்று பார்ப்பார்கள். 100 காட்டினால் சரி என்று நினைக்காதே. கிளைக்கால் கலவை தண்ணீரைவிடக் கனம், சுமார் 1.04 மடங்கு. 104 செ.மீ. காட்டினால்தான் சரி. நான் முதல் வருடம் இதில் ஏமாந்து, நல்ல டிரான்ஸ்டியூசரைக் குறை சொல்லி மாற்றினேன்.

புது வகையில் திரவம் இல்லை. ஓட்டை போட்ட தட்டுகள், அவற்றுக்குக் கீழே லோட்செல். நம் ஊர் உரக்கடைத் தராசின் உறவுக்காரன். அளக்கிற தட்டு ஒரு சதுர மீட்டர் என்றால் 20 கிலோ மூட்டையை வை, 20 மி.மீ. ஏற வேண்டும். நாலு மூலைக்கும் மாற்றி வைத்துப் பார். கேபிளை இரும்புக் குழாய்க்குள் விட மறக்காதே. அங்கே கல்லிடுக்கில் வாலில்லாத எலி மாதிரி ஒன்று குடியிருக்கும். அதற்கு என்னவோ கேபிள் மீது அத்தனை ஆசை.

உயரம் பார்க்க ஐந்து மீட்டர் கம்பத்தில் அல்ட்ராசோனிக் சென்சார். ஒலியைக் கீழே அனுப்பி, எதிரொலி திரும்புகிற நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். ஒலியின் வேகம் குளிரில் குறையும்: பூஜ்யம் டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர், மைனஸ் 10-இல் 325. இந்தத் திருத்தம் போடாவிட்டால் ஐந்து மீட்டரில் ஒன்பது செ.மீ. தப்பு வரும். அதனால் வெப்பநிலை சென்சார் வெயில் படாத கூண்டில் இருக்கிறதா என்று பார். பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது எதிரொலி சிதறி அர்த்தமில்லாத எண்கள் வரும், அதற்குப் பதற வேண்டாம்.

மழைமானி உயரமான உருளை, உள்ளே உறையாத திரவம், மேலே ஆவியாகாமலிருக்க எண்ணெய்ப் படலம், சுற்றிலும் காற்றுத் தடுப்புத் தகடுகள். காற்றில் பனி உருளைக்குள் விழாமல் பறந்துவிடும், ஆகவே இது எப்போதும் கொஞ்சம் குறைத்தே சொல்லும் என்று வைத்துக்கொள்.

அடுத்தது நமக்கு நெருக்கமான விஷயம். காமா சென்சார் என்று ஒன்று இருக்கிறது. கம்பத்தில் தொங்கும், தரையைத் தொடாது. தரையிலுள்ள மண்ணில் இயல்பாகவே பொட்டாசியம் 40 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. தோரியமும் இருக்கிறது. தோரியம் சிதைந்து போகிற வழியில் தாலியம் 208 உண்டாகும். இவை இரண்டும் விடுகிற காமா கதிர்களைச் சென்சார் எண்ணும். நடுவில் பனி வந்தால் அதிலுள்ள தண்ணீர் கதிர்களை விழுங்கும். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடலாம். பொட்டாசியத்தின் கதிர் நேராக வந்தால், ஏறத்தாழ 12 செ.மீ. தண்ணீரிலேயே பாதியாகிவிடும். தாலியத்தின் கதிர் இன்னும் வலுவானது, கூடுதல் ஆழம் தாண்டும்.

இதை எனக்கு விளக்கிய பஞ்சாப்காரப் பொறியாளர் தோரியம் என்று சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். என் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் மணவாளக்குறிச்சி. மோனசைட் கலந்த அந்தக் கருமணலுக்காகவே அங்கே அரசு மணல் ஆலை நடக்கிறது. மோனசைட்டில் இருப்பது தோரியம். சின்ன வயதில் காலில் ஒட்டி வீட்டுத் திண்ணைவரை வந்த மணல், கூட்டியள்ள முடியாது என்று அம்மா திட்டிய மணல். "அடுத்த முறை ஊருக்குப் போனால் ஒரு சாக்கு கொண்டு வா, சென்சார் நன்றாக எண்ணும்" என்று அவர் கிண்டல் செய்தார். அதை ரயிலில் கொண்டு போயிருந்தால் நான் பனியை அல்ல, கம்பியை எண்ணிக்கொண்டிருப்பேன்.

இந்தச் சென்சாரைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, கருவிக்குள் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை. மண்ணிலிருந்து வருவதை எண்ணுவதோடு சரி. ஊர்க்காரர்கள் பயந்து கேட்டால் பொறுமையாகச் சொல். இரண்டு, பனி விழுவதற்கு முன்னால் வெறுந்தரையில் எத்தனை எண்ணுகிறது என்று இரண்டு வாரமாவது பதிவு செய். கூடவே மண்ணின் ஈரத்தையும் அளந்து எழுது. மண்ணின் ஈரமும் கதிரை விழுங்கும். இலையுதிர் காலத்தில் நல்ல மழை பெய்து மண் ஊறிக் கிடந்தால், அதையும் பனிக்கணக்கில் சேர்த்துவிடுவாய். இந்த அடிப்படை எண்ணைத் தவறவிட்டால் அந்த வருடம் முழுவதும் வீண், நடுவில் போய் எடுக்க வழியில்லை.

மின்சாரத்துக்குச் சோலார் பேனலும் 12 வோல்ட் பேட்டரியும். நம் ஊர் எட்டு டிகிரி அட்சத்தில் இருக்கிறது, பேனலைக் கிட்டத்தட்டப் படுக்கப் போடுகிறோம். அங்கே அப்படிப் போட்டால் முதல் பனியிலேயே மூடிவிடும். தெற்கு பார்த்து, ஏறக்குறையச் செங்குத்தாக நிறுத்து. பனி வழுக்கி விழும், தரைப்பனியில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சமும் கிடைக்கும். பேட்டரியைக் காலியாக விடாதே. முழு சார்ஜில் இருக்கிற லெட் ஆசிட் பேட்டரி அங்குள்ள குளிரைத் தாங்கும், காலியானது மைனஸ் 10 பக்கத்திலேயே உறைந்து பெட்டி விரிந்துவிடும்.

எண்களை அனுப்ப இப்போது செயற்கைக்கோள் இருக்கிறது, ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் முன்னால் அமெரிக்காவில் செய்த முறையைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வராது. அங்கே மேற்கு மலைகளில் விவசாயத் துறையின் ஸ்னோடெல் என்ற வலையமைப்பில் 900-க்கு மேல் தானியங்கி நிலையங்கள் உண்டு. பல ஆண்டுகள் அவை எரிநட்சத்திரங்களை வைத்துத்தான் பேசிக்கொண்டன. விண்ணிலிருந்து விழுகிற தூசியளவு துகள்கள் தரைக்கு மேலே 80 முதல் 120 கி.மீ. உயரத்தில் எரியும்போது கண நேரத்துக்கு ஒரு மின்னூட்டத் தடம் நிற்கும். ரேடியோ அலையை அதில் மோதவிட்டு, நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கிற மைய நிலையத்துக்கு அனுப்புவார்கள். அந்தத் தடம் கலைவதற்குள் அன்றைய எண்கள் போய்ச் சேர்ந்துவிடும். எரிநட்சத்திரம் பார்த்தால் உடனே ஒரு பச்சை மரத்தைப் பார் என்பாள் என் ஆச்சி. அங்கே ஒருவர் அதே நேரத்தில் பனிக்கணக்கு அனுப்பியிருக்கிறார்.

ஸ்னோடெல் எண்கள் எல்லாருக்கும் இலவசம். மலையேறும் முன் அதில் பழகிக்கொள். ஏதாவது ஒரு நிலையத்தை எடு, அவர்களுடைய நீர் ஆண்டு அக்டோபர் 1-இல் தொடங்கும், ஜூன்வரை தினசரி நீர்ச்சமானத்தையும் உயரத்தையும் இறக்கிக்கொள். அங்குலத்தில் இருக்கும், 25.4-ஆல் பெருக்கினால் மி.மீ. நீர்ச்சமானத்தை உயரத்தால் வகுத்தால் அடர்த்தி, அதாவது பனியில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்பது. அது 5 சதவீதத்துக்குக் கீழே போனாலோ 60-ஐத் தாண்டினாலோ ஏதோ ஒரு சென்சார் பொய் சொல்கிறது.

எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் உன் சம்பளம் இருக்கிறது. என் மூன்றாவது குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தலையணை 248 மி.மீ., உயரம் 92 செ.மீ., அடர்த்தி 27 சதவீதம், எல்லாம் ஒழுங்கு. மூன்று நாள் பனி கொட்டியது. உயரம் 138 ஆனது. மழைமானி 41 மி.மீ. கூடியது. 46 செ.மீ. புதுப்பனிக்கு 41 மி.மீ. என்றால் 9 சதவீதம், பொருத்தமான எண்தான். ஆனால் தலையணை 251-இல் நின்றது. அலுவலகத்தில் தலையணையை நம்பி 251 என்றே எழுதச் சொன்னார்கள்.

பனியில் குத்தி எடுத்து எடை பார்க்கிற குழாயோடு போனேன். பத்து இடத்தில் எடுத்த சராசரி 291. நடந்தது என்னவென்றால், புதுப்பனிக்கு முன்பு ஒரு வெயில் நாளில் மேற்பரப்பு உருகி, இரவில் கெட்டியான பனிக்கட்டித் தகடாகியிருந்தது. அந்தத் தகடு தலையணையின் மேல் பாலம் போல நின்று, புதுப்பனியின் எடையைச் சுற்றியுள்ள தரைக்குக் கடத்திவிட்டது. நாலு நாள் கழித்து, மேகமே இல்லாத ஓர் இரவில் தலையணை 253-லிருந்து 287-க்குத் தாவியது. பாலம் உடைந்திருக்கிறது. "மேகம் இல்லாமல் 34 மி.மீ. எங்கிருந்து விழுந்தது?" என்று போன் வந்தது. ஆகவே உயரமும் மழைமானியும் ஏறித் தலையணை அசையாவிட்டால் பாலத்தைச் சந்தேகி. தலையணை மட்டும் ஏறி மற்ற இரண்டும் சும்மா இருந்தால் பாலம் உடைந்ததா, விலங்கு ஏறியதா என்று பார். தினமும் பகலில் ஏறி இரவில் இறங்கினால் அது வெயிலில் திரவம் விரிவது, விடிகாலை எண்ணை மட்டும் எடுத்துக்கொள்.

குழாயால் அளக்கிற முறை நூறு வருடத்துக்கும் மேல் பழையது. ஜேம்ஸ் சர்ச் என்ற நெவாடா பல்கலைக்கழக ஆசிரியர் மவுண்ட் ரோஸ் என்ற மலையில் தொடங்கி வைத்தார். அவர் பாடம் நடத்தியது லத்தீன். இப்போதும் அங்கே பயன்படுகிற குழாயின் வாய் விட்டம் 1.485 அங்குலம். ஏன் அப்படி ஒரு விநோத எண் என்றால், அந்த அளவில் ஒரு அவுன்ஸ் பனி சரியாக ஒரு அங்குலத் தண்ணீர். மலையில் விரல் விறைத்திருக்கும்போது கணக்குப் போடத் தேவையில்லை. நம்மிடம் இருந்தது 5 செ.மீ. உள்விட்டக் குழாய், பரப்பு 19.6 ச.செ.மீ. பனியின் எடையைக் கிராமில் எடுத்து 19.6-ஆல் வகுத்தால் செ.மீ. தண்ணீர். 589 கிராம் என்றால் 30 செ.மீ., அதாவது 300 மி.மீ.

குழாயை நிழலில் அரைமணி நேரம் குளிரவிட்ட பிறகே குத்து. சூடாக இருந்தால் பனி உள்ளே ஒட்டிக்கொண்டு அடுத்தது ஏறாது. நேராகக் குத்தித் திருகு. வெளியே எடுத்ததும் அடியில் கொஞ்சம் மண்ணோ புல்லோ ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் தரையைத் தொடவில்லை. அந்த மண்ணைத் தட்டிவிட்டு, அதன் நீளத்தையும் கழித்துவிட்டு, அப்புறம் எடை போடு. காலியான குழாயின் எடையை ஒவ்வொரு முறையும் மறுபடி பார். தலையணைக்கு மேலே குத்திவிடாதே, ஒருவன் குத்தியிருக்கிறான். யார் என்று சொல்லமாட்டேன், அவனுக்கு இப்போது திங்கள்சந்தையில் இன்வெர்ட்டர் கடை இருக்கிறது.

கிளம்பும் முன் நிலையத்தை நாலு பக்கமிருந்தும் படம் எடுத்து வை, பிப்ரவரியில் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று அதைப் பார்த்துத்தான் தோண்டுவாய். தேங்காய் எண்ணெய் கொண்டு போகாதே, சண்டிகர் தாண்டுவதற்குள் கல்லாகிவிடும்.

நேற்றிரவு அவன் முதல் நாள் எண்களை அனுப்பினான். பனி இன்னும் விழவில்லை. உயரம் 0, தலையணை மைனஸ் 3 மி.மீ. "மாமா, ஜீரோவைத் திருத்திரட்டா?" என்று கேட்டிருந்தான். எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டேன். மத்தியானம் இரண்டு மணி. தொடாதே, ஒரு வாரம் விடிகாலை எண்களை மட்டும் எழுதிவிட்டு எனக்கு அனுப்பு என்று பதில் போட்டேன்.